தார்ப்பாய் அக்காவும் என் நான்கு நிபந்தனைகளும்

உலகத்தில் உள்ள பொருள்களைத் துணி, இன்னும் துணியாகாதவை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தவர் தார்ப்பாய் அக்கா. இரண்டாவது வகையில் எதைக் கண்டாலும் அவருக்குக் கை நமநமக்கும். புதுக்கோட்டையில் அவருடைய கத்தரிக்கோலுக்குத் தப்பியவை மின்கம்பங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் மட்டும்தான். அவற்றுக்கும் உறை தைக்கும் எண்ணம் இருந்தது, ஏணி கிடைக்கவில்லை.

கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே சுவரின் இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவரும் பல வருடங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் சிவில் என்ஜினியர். காய்கறி வாங்குவது முதல் கான்கிரீட் போடுவது வரை எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். பட்டியலில் அடங்காத ஒரு மனிதர் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் என் போன்றவளுக்கு என்ன ஆகும் என்பதை இந்த ஊரே பார்த்திருக்கிறது.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டு ஓடு ஒழுகியது. மற்றவர்கள் ஓடு மாற்றுவார்கள். அக்கா லாரித் தார்ப்பாயில் மெத்தைக்கு உறை தைத்தார். மெத்தை நனையவில்லை என்பது உண்மை. ஆனால் அதன் மேல் அவருடைய கணவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் சரக்கு லாரி ஒன்று தெருவுக்குள் திரும்புவது போலச் சத்தம் கேட்கும். மாமா பஸ் மெக்கானிக். அதிகம் பேசாதவர். கட்டிலில் அசையக்கூட பயந்து, மல்லாந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டார். மறுநாள் எதிர்வீட்டுக்காரர், "என்னண்ணே, ராத்திரி லோடு இறக்குனீங்களா?" என்று கேட்க, அன்றிலிருந்து அவர் தார்ப்பாய் அக்கா. அதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை. வாசலில் யாராவது, "தார்ப்பாய் அக்கா இருக்காங்களா?" என்றால், "இருக்கேன், உள்ள வாங்க" என்று உள்ளிருந்து குரல் வரும்.

உள்ளே போவதுதான் கஷ்டம். அவர் வீட்டில் மிக்ஸிக்குச் சிவப்பு வெல்வெட் உறை. கல்யாண மண்டபத்தில் கழித்துக்கட்டிய மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து உரித்தது. ஜரிகைக் குஞ்சம் வேறு. சட்னி அரைக்கும்போது பட்டாபிஷேகம் பார்ப்பது போல இருக்கும். ஜன்னலுக்குக் கொசுவலையைப் பீட்ரூட் சாற்றில் நனைத்துத் திரை போட்டிருந்தார். கொசு வந்ததோடு எறும்பும் வந்தது. ஒருமுறை பழைய குடைகளைப் பிரித்துக் கறுப்பு ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு தேரோட்டத்துக்குப் போனார். "மழை பேஞ்சா ஒட்டாதுடி" என்றார். மழை பெய்யவில்லை. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே போகாத துணியில் உள்ளேயிருந்து வியர்வையும் வெளியே வராது என்பதைத் தேர் நிலைக்கு வருவதற்குள் அவர் மயங்கி விழுந்து தெரிந்துகொண்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். கண்ணைத் திறந்ததும் முதலில் ரவிக்கையைப் பார்த்து, "பாத்தியா, ஒரு சொட்டு ஒட்டல" என்றார்.

சோபாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. ஒரு பிரமுகரின் பிறந்தநாள் முடிந்து தெருவில் சும்மா கிடந்த பேனரை எடுத்து வந்து சோபாவுக்கு உறை தைத்திருந்தார். படம் வெளிப்பக்கம். "உள்பக்கம் திருப்பித் தச்சிருக்கலாமேக்கா?" என்றேன். "வெள்ளையா இருக்கும். அழுக்குத் தெரியும்" என்றார். அந்தப் பிரமுகரின் ஆள் ஒருவர் ஒருநாள் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"உக்காருங்க தம்பி."

"பரவால்லக்கா."

"அட, உக்காருங்க. காப்பி போட்டுட்டேன்."

அவர் சோபாவைப் பார்த்தார். நட்டநடுவில் பிரமுகர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் மேல எப்புடிக்கா உக்கார்றது?"

"அப்ப அங்கிட்டு ஓரமா உக்காருங்க. அங்க வாழ்த்துறவங்க படந்தான் இருக்கு."

அவர் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். வாழ்த்துவோர் வரிசையில் முதல் படம் அவருடையது. கடைசி வரை நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இவ்வளவு தெரிந்திருந்தும் நான் ஒருநாள் அவரோடு துணி எடுக்கப் போனேன். சுடிதாருக்கு வெள்ளைத் துப்பட்டா ஒன்று, அவ்வளவுதான் என் பட்டியல். அக்கா ஜவுளிக்கடைகளைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.

"அக்கா, கடை போயிருச்சு."

"துணிக்கடையில போயித் துணி வாங்குறது என்னடி சாமர்த்தியம்? அத யாரு வேணாலும் செய்வா. பேசாம வா."

போன இடம் பண்ணைச் சாமான்கள் விற்கும் கடை. அங்கே பச்சை நிழல்வலைச் சுருள் ஒன்றைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. துணி தேர்ந்தெடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கன்னத்தில் தேய்ப்பார். ஓரத்தைக் கடிப்பார். கடைசியில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி முகர்வார். நாலாவது சோதனையால் அவரைக் கண்டதும் தீப்பெட்டியை ஒளித்து வைக்கும் கடைகள் ஊரில் நிறைய இருந்தன. இந்தக் கடைக்காரர் புதிது. நல்லெண்ணத்தோடு கேட்டார்.

"தென்னங்கன்னுக்காம்மா? அம்பது பர்சன்ட் நெழலு போதுமா, எழுபத்தஞ்சு வேணுமா?"

"கன்னுக்கு இல்லங்க. துப்பட்டாவுக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

"எழுபத்தஞ்சே குடுங்க. புள்ள வெயில்ல நின்னு வேல பாக்குது" என்றார் அக்கா.

அந்தத் துப்பட்டாவை ஒரே ஒருநாள் சைட்டுக்குக் கொண்டுபோனேன். கழுத்தை அறுக்கிறதே என்று கழற்றி ஒரு கம்பியில் தொங்கவிட்டுவிட்டு அளவெடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது சித்தாள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அதில் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல சல்லடம்மா, எங்க வாங்குனீங்க?" என்றார் கொத்தனார். அக்காவிடம் இதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "எத்தன சலி சலிச்சாங்க? கிழியலயா?" என்று கேட்டுவிட்டுப் பெருமையோடு தையல் மெஷினுக்குப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் நாங்கள் வீடு கட்டினோம்.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க வாடகை வீடு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாவியைக் கொடுக்கும்போது சொல்லிவைத்தது போல ஒன்றையே சொல்வார்கள்: "செவுத்துல ஆணி மட்டும் அடிச்சுராதீங்க." அதனால் எங்கள் வீட்டில் காலண்டர் பீரோ கைப்பிடியில் தொங்கும். தாத்தாவின் படம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். சொந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்பதுதான் அப்பாவுக்கு வீடு என்பதற்கு அர்த்தம். அன்னவாசல் பக்கம் ஒரு மனை வாங்கி, நானே படம் வரைந்து, நானே நின்று கட்டிய வீடு அது. நான் கட்டிய முதல் வீடும் அதுதான்.

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். அதை விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணி வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க வழியில்லை. வாடகை வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு வருகிறான் என்று அந்த மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கறம்பக்குடியிலிருந்து அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, முன்கூட்டியே வந்து சட்டங்களை அறிவித்தார். "பசுவும் கன்னும் மொதல்ல உள்ள வரணும். தானா வரணும். இழுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. நேரத்துக்குள்ள வரலன்னா அந்த வீட்டுல பாலு காச்சக் கூடாது. ஆமா, இப்பவே சொல்லிப்புட்டேன்."

பயப்பட எதுவும் இல்லை என்று நினைத்தேன். என்னிடம் பட்டியல் இருந்தது. பசு, கன்று, அகத்திக்கீரை, வாழைப்பழம், ஐயருக்கு மனைப்பலகை, மாட்டுக்காரருக்கு வேட்டி துண்டு, எல்லாவற்றுக்கும் எதிரே டிக் விழுந்துவிட்டது.

அப்போது பார்த்து அக்கா வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே கதவில்லாத அகலமான திறப்பு ஒன்று விட்டிருந்தேன். அதற்கு ரெடிமேடாகப் பழுப்பு நிறத் திரையும் வாங்கி வைத்துவிட்டேன். அக்கா திறப்பின் முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"இதுக்கு நாந்தான் தைப்பேன்."

"வாங்கியாச்சுக்கா."

"வாங்குனத வித்துரு. ஒம் வீட்டுக்கு நான் தைக்காம வேற எவடி தைப்பா?"

அவரைத் தடுக்க முடியாது. எல்லை போடலாம். தாளை எடுத்து நான்கு நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, அது துணியாக இருக்க வேண்டும். இரண்டு, பிறக்கும்போதே துணியாகப் பிறந்திருக்க வேண்டும். மூன்று, அதில் யாருடைய முகமும் இருக்கக் கூடாது. நான்கு, வாடை அடிக்கக் கூடாது. அக்கா உதட்டை அசைத்துப் படித்துவிட்டு, "இம்புட்டுத்தானா? நாங்கூட என்னமோன்னு பயந்துட்டேன்" என்றார்.

பிறகு அவர் நடத்தையில் மர்மம் எதுவும் இல்லை; எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்தது. மாட்டுத் தீவனக் கடையிலிருந்து பழைய சணல் சாக்குகள் ஒரு கட்டு வந்து இறங்கியது. இந்தக் காலத்தில் எல்லாம் பிளாஸ்டிக் சாக்காகிவிட்டதாம், சணல் சாக்கு கிடைப்பது புதையல் போலவாம். சிகைக்காய்த் தண்ணீரில் ஊறவைத்தார். எலுமிச்சம்பழம் தேய்த்தார். கொல்லையில் காயப்போட்டு, காய்ந்ததும் மறுபடி ஊறவைத்தார். எங்கள் வீட்டு வாளிகள் எல்லாம் அவர் கொல்லையில்தான் இருந்தன. பிறகு உட்கார்ந்து ஊசியால் நூல் நூலாக உருவி எடுத்து, அந்த முரட்டுச் சாக்கில் ஜன்னல் ஜன்னலாகக் கட்டம் போட்டார். மேலே கம்பி நுழையும் இடத்தில் நீலக் கட்டம் போட்ட துணியில் பட்டி வைத்தார். இடுப்புவலி என்று மாமாவிடம் சண்டை போட்டுக்கொண்டே, சமையலைக் குறைத்துக்கொண்டே, அதை முடித்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாள் அப்பா சுத்தியலை எடுத்தார். கம்பியைத் தாங்கும் கொக்கிக்கு டிரில் போட வேண்டும் என்றேன். கேட்கவில்லை. தன் சுவரில் தன் கையால் முதல் ஆணி அடித்தார். கொஞ்சம் கோணல். கம்பியை மாட்டித் திரையை விரித்தார்கள். சாயங்கால வெயில் அந்தக் கட்டங்கள் வழியே விழுந்து டைல்ஸ் முழுக்கச் சின்னச் சின்னப் பொன் சதுரங்களாகப் பரவியது. நான் கிட்டப் போய் முகர்ந்தேன். எலுமிச்சை மட்டும்தான். நான்கு நிபந்தனைகளும் சரி. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அழகாக இருந்தது.

"பேசு இஞ்சினியரு" என்றார் அக்கா.

"நல்லாருக்குக்கா."

"எங்கிட்டுப் பாத்துச் சொல்ற? என்னப் பாத்துச் சொல்லு."

மறுநாள் விடியற்காலையில் பசு வந்தது. பந்தலில் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை, பின்னால் கன்று. வாசற்படி வரை ராணி போல நடந்து வந்த பசு, உள்ளே எட்டிப் பார்த்தது, நின்றது, நின்றேவிட்டது. தரை கண்ணாடி போலப் பளபளத்தது. நான் பல கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த பளபளப்பு.

"எம்மாடு டைல்ஸப் பாத்ததில்லீங்க" என்றார் மாட்டுக்காரர். "தண்ணின்னு நெனைக்குது."

அகத்திக்கீரையை நீட்டினோம். கழுத்தை நீட்டி வாங்கித் தின்றது, கால் நகரவில்லை. வாழைப்பழமும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் அதற்கு வயிறும் நிறைந்துவிட்டது. எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நேரம் போயிண்டிருக்கு" என்றார் ஐயர்.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்த நாளெல்லாம் சிரித்த அப்பாவின் முகம், இப்போது வேர்த்து விறுவிறுத்து, பசுவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சாமான்கள் பாதி பழைய வீட்டில் மூட்டையாகக் கிடந்தன.

"சாக்கு இருந்தா விரிங்கப்பா, வழுக்காது" என்றார் யாரோ. தேடினார்கள். இருந்ததெல்லாம் சிமென்ட் வந்த பிளாஸ்டிக் சாக்கு. அது டைல்ஸைவிட வழுக்கும். பெரிய அத்தையின் பார்வை மெல்ல ஹாலைக் கடந்து திரையில் போய் நின்றது.

"அந்தா தொங்குதுல்ல சாக்கு. அத அவுத்துப் போடுங்க."

அக்கா ஒரே பாய்ச்சலில் திரைக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். "அது சாக்கு இல்ல. திரை."

"சாக்குத்தானேம்மா அது?"

"சாக்கா இருந்துச்சு. இப்ப இல்ல. அதுல மாடு கால வைக்கணும்னா எம்மேல வச்சுட்டுப் போகட்டும்."

"ஏப்பா, யாரு இந்தப் பொம்பள?" என்று அத்தை அப்பாவைக் கேட்டார். அப்பா பசுவின் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அக்கா, கொஞ்சம் நகருங்க" என்றேன். அவர் நகரவில்லை.

"இன்னும் கால் மணி நேரந்தான்" என்றார் ஐயர்.

மாட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "கீரையெல்லாம் இதுக்குப் பெருசில்லீங்க. கடலப் புண்ணாக்குன்னா உசுரு. அந்த வாடை பட்டாப் போதும், தீயில கூட எறங்கி வரும். முன்னமே சொல்லியிருந்தா கொண்டாந்திருப்பேன். இந்நேரத்துக்கு எந்தக் கடை தொறந்திருக்கும்?"

விரிந்திருந்த அக்காவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

என் நான்காவது நிபந்தனையில் யாருடைய மூக்குக்கு வாடை அடிக்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. அந்தச் சாக்குகள் தீவனக் கடையில் எதைச் சுமந்தவை என்பது கூட்டத்தில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் திரையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் திரையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். கம்பியோடு வந்தது. கம்பியை உருவிப் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்து போனார். பசுவின் மூக்குக்கு நேரே திரையின் அடி ஓரத்தை நீட்டினார்.

பசு முகர்ந்தது. அதன் காது இரண்டும் நிமிர்ந்தன. மனித மூக்கிலிருந்து சிகைக்காயும் எலுமிச்சையும் எதை ஒளித்து வைத்திருந்தனவோ அதை அது ஒரே மூச்சில் கண்டுபிடித்து, நாக்கைச் சுழற்றி ஒரு முழம் திரையை வாய்க்குள் இழுத்துக்கொண்டது.

"வா தாயி" என்றார் அக்கா. "வா, தின்னுக்கிட்டே வா."

அவர் பின்பக்கமாகவே நடந்தார். பசு மென்றுகொண்டே ஒரு காலை வைத்தது. டைல்ஸில் குளம்பு டொக்கென்றது. இன்னொரு கால். ஹாலில் ஒரு சுற்று, சாமி அறை வாசல், சமையலறை என்று அக்கா திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தபடி அதை வீடு முழுக்க நடத்தினார். நூல் உருவிய கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பசுவின் வாய்க்குள் போயின. கன்று தாயின் பின்னால் ஓடியது. சமையலறை நடுவில் நின்று பசு வாலைத் தூக்கித் தாராளமாகச் சாணி போட்டது. பெரிய அத்தை குலவையிட்டார். அப்பா அந்தச் சாணியைப் பார்த்து அழுதார். நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

பட்டியை மட்டும் பசு தொடவில்லை. அக்கா அந்த எச்சில் துண்டை உதறிப் பார்த்தார்.

"நல்ல எடத்தையெல்லாம் தின்னுபுட்டு பார்டர விட்டுருக்கு. ரசனையே இல்லாத மாடு."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து மாமா வந்து அந்த நீலக் கட்டத்தை உற்றுப் பார்த்தார். அன்று அவர் பேசியது ஒரே வாக்கியம்தான். "அது என் லுங்கி."

பால் பொங்கியது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அக்கா மட்டும் மிஞ்சிய பட்டியைக் கம்பியில் கோத்துச் சுவரில் பழையபடி மாட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டியதற்கு என்னிடம் பட்டியல் இல்லை.

"அடுத்த தடவ வேற சாக்குல தச்சுத் தாரேன், விடு" என்று முதுகைக் காட்டியபடியே சொன்னார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "புகை. ஹோமப் புகை."

எங்கள் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இப்போது ஒரு திரை தொங்குகிறது. ஒரு முழம் கூட இருக்காது. மேலே லுங்கிப் பட்டி, கீழே பசு மென்ற பிசிறு. அது எதையும் மறைப்பதில்லை. ஆணி கோணலாகவே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், "இஞ்சினியர் வீடு, நல்ல திரை ஒண்ணு போடக்கூடாதா?" என்கிறார்கள்.

நான் வாங்கிய பழுப்பு நிறத் திரை பீரோவில் இருக்கிறது. இன்னும் கவரைப் பிரிக்கவில்லை.